வெந்நீர் ஊற்று இருந்தால் போதுமா?

"ஐஸ்லாந்தும் கென்யாவும் பூமிச் சூட்டில் மின்சாரம் எடுக்கின்றன. வெந்நீர் ஊற்று உள்ள மற்ற நாடுகள் ஏன் சும்மா இருக்கின்றன?" என்று கேட்டிருக்கிறீர்கள். துளை போட்டால் ஆவி வரும், டர்பைன் சுற்றும், எரிபொருள் இலவசம் என்ற கணக்கில் கேட்கிறீர்கள் போலிருக்கிறது. சூடு இலவசம்தான். பாடு முழுக்க அதோடு வரும் தண்ணீரில் இருக்கிறது.

வெறும் ஆவி வரும் புவிவெப்ப இடங்கள் மிகக் குறைவு: இத்தாலியின் லார்தெரெல்லோ, கலிபோர்னியாவின் கெய்சர்ஸ் போல. மற்ற இடங்களில் பெரும்பாலும் தண்ணீரும் ஆவியும் கலந்துதான் வரும். உப்புத் தண்ணீர் ஊற்றிய ஹீட்டர் காயிலில் வெள்ளை ஓடு கட்டுவதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே கட்டுவது சிலிக்கா, மணலில் இருக்கும் அதே பொருள். 250 டிகிரிப் பாறையில் கிடக்கும் தண்ணீர், கிலோவுக்கு ஏறத்தாழ 480 மில்லிகிராம் சிலிக்காவைக் கரைத்து வைத்திருக்கும். ஆவி நிறைய வேண்டுமென்று 100 டிகிரி வரை இறக்கினால் 30 சதவீதம் ஆவியாகிவிடும். மிஞ்சிய தண்ணீரில் சிலிக்கா 690-ஐத் தொடும். அந்தச் சூட்டில் கரைந்து நிற்கக்கூடியதோ சுமார் 360தான். மீதி, குழாய்ச் சுவரில் கண்ணாடி மாதிரி இறுகும். சுண்ணாம்பைப் போல் சாதாரண அமிலத்துக்கு இளகாது, சுரண்டித்தான் எடுக்க வேண்டும். ஆகவே ஆவியையும் தண்ணீரையும் பிரிக்கும் செப்பரேட்டரை 10 பார் அழுத்தம், 180 டிகிரியிலேயே நிறுத்தி, 16 சதவீத ஆவியோடு திருப்திப்பட வேண்டும். பிரிந்த தண்ணீரையும் 145 டிகிரிக்குக் கீழே ஆறவிடாமல் பூமிக்குள் திருப்பி விட வேண்டும்.

துருக்கியின் கிசில்தெரேயில் தொல்லை கிணற்றுக்குள்ளேயே. தண்ணீர் கொதிக்கத் தொடங்கும் ஆழத்தில் கரியமில வாயு பிரிந்து, காரத்தன்மை ஏறி, கால்சைட் என்ற சுண்ணாம்புப் படிவு கிணற்றை அடைக்கும். படிவுத் தடுப்பு மருந்தை மெல்லிய குழாய் வழியாக அந்த ஆழத்துக்கும் கீழே விட வேண்டும். மேலே விட்டால் வீண்.

தண்ணீரைத் திருப்பி விடாவிட்டால்? 1958-இல் தொடங்கிய நியூசிலாந்தின் வைராக்கேயில் கழிவு நீர் நெடுங்காலம் வைக்காட்டோ ஆற்றுக்குப் போனது. நிலம் ஓரிடத்தில் 14 மீட்டருக்கு மேல் தாழ்ந்தது. கெய்சர்ஸில் 1980-களில் நிலையங்களைக் குவித்தார்கள், ஆவி அழுத்தம் சரிந்தது. 1997 முதல் ஊர்க் கழிவுநீரைச் சுத்திகரித்துக் குழாயில் கொண்டுவந்து உள்ளே விடுகிறார்கள். திருப்பி விடும் கிணறு உற்பத்திக் கிணற்றை ஒட்டியும் இருக்கக் கூடாது, சூடு இறங்கிவிடும்.

இதற்காக என்னைப் புவிவெப்பத்துக்கு எதிரி ஆக்கிவிடாதீர்கள். இரவு பகல், மழை வெயில் பாராமல் ஓடும் மின்சாரம் இது.   

நீங்கள் கேட்ட வெந்நீர் ஊற்றுக்கு வருகிறேன். 74 டிகிரித் தண்ணீரிலேயே 2006 முதல் அலாஸ்காவின் சேனாவில் மின்சாரம் எடுக்கிறார்கள். அந்தச் சூடு வேறொரு திரவத்தைக் கொதிக்க வைத்து டர்பைனைச் சுற்றுகிறது. அங்கே குளிர்விக்க உறைநிலையை ஒட்டிய தண்ணீர் உண்டு. குளிர்விக்கும் தண்ணீரே 30 டிகிரியாக இருக்கும் ஊரில் அதே இயந்திரத்துக்கு ஏறத்தாழ 60 சதவீத வெப்ப வித்தியாசம்தான் மிஞ்சும்.