வெளிநாட்டுத் தொழிலாளி, இயந்திரம், கல்வி: ஒரு நாட்டின் பொருளாதாரத்தை இந்த மூன்றில் எது அதிகம் மாற்றுகிறது?

சிங்கப்பூரில் 2010 முதல் 2024 வரை கட்டட வேலை பார்த்தவன் நான். அந்த ஊரை வைத்துத்தான் என்னால் பதில் சொல்ல முடியும். இந்த மூன்றையும் பலர் தனித்தனியாகப் பார்க்கிறார்கள். அங்கே மூன்றும் ஒரே கயிற்றில் கட்டியிருந்தன. அந்தக் கயிற்றுக்குப் பெயர் லெவி.

ஒர்க் பர்மிட்டில், அதாவது வெளிநாட்டுத் தொழிலாளிக்கான வேலை அனுமதியில், ஆள் வைத்திருக்கும் முதலாளி, சம்பளம் போக ஒவ்வொரு ஆளுக்கும் மாதாமாதம் அரசுக்குக் கட்டும் தொகை அது. 1980இல் கட்டுமானத் துறைக்காகக் கொண்டுவந்தார்கள். வெளியிலிருந்து வரும் ஆள் மலிவாகக் கிடைத்தால் யாரும் இயந்திரம் வாங்க மாட்டார்கள் என்பதுதான் அதன் கணக்கு. லெவியை ஏற்றினால் முதலாளி இயந்திரத்தைத் தேடுவார், இறக்கினால் ஆளைத் தேடுவார்.

இதற்குக் கொஞ்சம் முன்கதை உண்டு. 1979இல் அந்த அரசு வேண்டுமென்றே சம்பளங்களை ஏற்றச் சொன்னது. மலிவுக் கூலியை நம்பியிருந்த தொழிற்சாலைகள் ஒன்று மாற வேண்டும், இல்லையென்றால் போக வேண்டும் என்று நினைத்தார்கள். அதே ஆண்டில்தான் துணைப் பிரதமர் கோ கெங் சுவீ தலைமையில் கல்வி அறிக்கையும் வந்தது. பாதியில் படிப்பை விடும் பிள்ளைகள் அப்போது அதிகம். அவர்களைத் திறனுக்கேற்பப் பிரித்து, எல்லோரையும் ஏதாவது ஒரு பயிற்சியில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும் என்பது திட்டம். மிகச் சின்ன வயதில் பிள்ளைகளைத் தரம் பிரித்தது கொடுமை என்றே நான் நினைக்கிறேன். ஆனால் 1992இல் தொழில்நுட்பக் கல்விக் கழகத்தை அமைத்து, ஏட்டுப் படிப்பு வராத பிள்ளைக்கும் நல்ல பட்டறையும் நல்ல ஆசிரியரும் கொடுத்தார்களே, அதைப் பாராட்டத்தான் வேண்டும்.

சம்பளத்தை ஏற்றிய வேகம் அதிகம். 1985இல் பொருளாதார மந்தம் வந்தது. அடுத்த ஆண்டே சேமநிதிக்கு முதலாளிகள் செலுத்தும் பங்கை 25 சதவீதத்திலிருந்து 10 ஆகக் குறைத்தார்கள். வெளிநாட்டு ஆட்களை நிறுத்தவும் முடியவில்லை. படித்து வந்த உள்ளூர்ப் பிள்ளைகள் சைட் பக்கம் வரவில்லை. பதினான்கு ஆண்டுகளில் கம்பி கட்டும் சிங்கப்பூரர் ஒருவரைக்கூட நான் பார்த்ததில்லை. அந்த இடத்துக்குத்தான் புதுக்கோட்டைப் பக்கத்திலிருந்து நான் போனேன், மெக்கானிக்கல் டிப்ளமோவோடு. அங்கே அது செல்லுபடியாகாது. ஸ்கில் டெஸ்ட் அடித்து, கடன் வாங்கி ஏஜென்டுக்குக் கட்டி, நாளுக்கு 18 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்) பேசிக், மேலே ஓ.டி. என்று இறங்கினேன்.

இனி இயந்திரம். நான் போன புதிதில் சைட்டிலேயே கம்பியை வெட்டி, வளைத்து, கட்டுவோம். ஒரு தளத்துக்கு இருபது பேர் நிற்போம். கொஞ்ச ஆண்டுகளில் கம்பியை வெளியே யார்டில், அதாவது பட்டறையில், வெட்டி வளைத்து, கூண்டாகக் கட்டி லாரியில் அனுப்ப ஆரம்பித்தார்கள். பிறகு அறையையே பெட்டியாகச் செய்து கொண்டுவந்து, கிரேனில் தூக்கி ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கும் முறை வந்தது. 2014 இறுதியிலிருந்து அரசு விற்கும் சில நிலங்களில் அப்படித்தான் கட்ட வேண்டும் என்று விதியே போட்டார்கள். கிளெமென்ட் கனோப்பி என்று நாற்பது மாடியில் இரண்டு கோபுரங்கள் உண்டு. மொத்தம் 1,866 பெட்டிகள். கான்கிரீட் வார்த்தது மலேசியாவின் செனாயில், உள்வேலை முடித்தது சிங்கப்பூரின் துவாஸில். இயந்திரம் வந்து ஆளைக் குறைத்தது என்று இதைச் சொல்வார்கள். எனக்குத் தெரிந்து வேலையில் ஒரு பகுதி எல்லை தாண்டி, சம்பளம் குறைவான ஊருக்குப் போய்விட்டது. இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

எங்கள் குழுவில் முதலில் வெளியேறியவர்கள் வயதானவர்கள். கையில் வேலை இருந்தது, டிராயிங் படிக்க வராது. பர்மிட் புதுப்பிக்கவில்லை என்றால் ஊருக்குக் கிளம்ப வேண்டியதுதான். உள்ளூர்க்காரருக்கு வேலை போனால் மறுபயிற்சிக்கு அரசு பணம் தருகிறது. 2015இல் தொடங்கிய ஸ்கில்ஸ்ஃபியூச்சர் திட்டத்தில் 25 வயது நிரம்பிய குடிமக்களுக்கு 500 வெள்ளி கொடுத்தார்கள். எங்களுக்கு அது கிடையாது.

எங்களுக்குப் பயிற்சி கொடுக்க வைத்ததும் அதே லெவிதான். 2024 ஜனவரியிலிருந்து கட்டுமானத்தில் அடிப்படைத் திறன் ஆளுக்கு மாதம் 900 வெள்ளி, உயர்திறன் ஆளுக்கு 500. ஆளை மேலே ஏற்றினால் முதலாளிக்கு 400 வெள்ளி மிச்சம். இப்படியொரு வித்தியாசம் அதற்கு முன்பும் இருந்தது. அதனால் என் கம்பெனி பல ஆண்டுகளுக்கு முன்பே என்னை இரண்டாவது டிரேடு, அதாவது இன்னொரு கைத்தொழில், படிக்க அனுப்பி, தேர்வெழுத வைத்தது. பாஸ் ஆனதும் யார்டில் இயந்திரம் ஓட்டப் போட்டார்கள். என் சம்பளம் நாளுக்கு இரண்டு வெள்ளி கூடியது. மிச்சமான லெவியில் எனக்கு வந்த பங்கு அவ்வளவுதான். கேட்கவும் முடியாது. பர்மிட் அவர்கள் பெயரில் இருக்கிறது, கேட்டவனை ஊருக்கு அனுப்புவது சுலபம்.

சரி, இவ்வளவு ஆட்கள் வந்ததால் உள்ளூர் ஏழைகளின் சம்பளம் குறைந்ததா என்றும் கேட்கலாம். துப்புரவு போன்ற வேலைகளில் சம்பளம் பல ஆண்டுகள் ஏறாமல் கிடந்தது உண்மை. 2014இல் உள்ளூர்த் துப்புரவாளருக்கு 1,000 வெள்ளிக்குக் குறையாத அடிப்படைச் சம்பளத்தைக் கட்டாயமாக்கி, பயிற்சிக்கேற்ப அதற்கு மேல் படிகளும் வைத்தார்கள். பன்னாட்டு ரோபோ கூட்டமைப்பின் கணக்கில் 2023இல் சிங்கப்பூரில் 10,000 தொழிற்சாலைப் பணியாளர்களுக்கு 770 ரோபோக்கள், தென்கொரியாவுக்கு அடுத்து உலகில் இரண்டாவது இடம். அப்படிப்பட்ட சிங்கப்பூரில் உணவகத்தில் தட்டு எடுப்பவரின் கூலி தானாக ஏறவில்லை, சட்டம் போட்டுத்தான் ஏற்ற வேண்டியிருந்தது. இதை நான் மறக்கவே மாட்டேன்.

2020இல் கொரோனா வந்தபோது டார்ம்களை, அதாவது தொழிலாளர் விடுதிகளை, அடைத்தார்கள். மூன்று லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் உள்ளே இருந்தோம், என் அறையில் பன்னிரண்டு பேர். வெளியே கட்டட வேலை அப்படியே நின்றது. வீட்டுக்குப் பதிவு செய்து காத்திருந்த உள்ளூர்க் குடும்பங்கள் இன்னும் பல மாதங்கள் காத்திருந்தன. யார் இல்லாவிட்டால் எது நிற்கும் என்று அப்போது எல்லோருக்கும் தெரிந்தது.

ஊர் திரும்பி வீடு கட்டினேன். எங்கள் பக்கத்துக் கொத்தனார்கள் பாதிப் பேர் சிங்கப்பூரில். என் வீட்டுக்கு சென்ட்ரிங் அடித்தவர்கள் பீகாரிலிருந்து வந்த பையன்கள். அதில் ஒருவன் பத்தாவது முடித்தவன். சாயங்காலம் வேலை முடிந்ததும் டிராயிங் படிக்கச் சொல்லிக் கொடுத்தேன், நான்கைந்து நாளில் பிடித்துக்கொண்டான்.