பழைய தபால்காரரே திரும்ப வருவாரா?

கேள்வி: பதினோரு வருடமாக எங்கள் தெருவுக்கு ஒரே தபால்காரர் வந்துகொண்டிருந்தார். போன மாதத்திலிருந்து வேறு ஆள் வருகிறார். எதிர்வீட்டுக் கடிதம் எங்களுக்கு வருகிறது, எங்களுடையது அங்கே போகிறது. யாருக்கு எந்தத் தெரு என்று எப்படிப் பிரிக்கிறார்கள்? மனு கொடுத்தால் பழையவரையே அனுப்புவார்களா?
(ஒரு வாசகி, கும்பகோணம்)

பதில்: முப்பத்தோரு வருடம் தபால் பையோடு அலைந்தவன் என்பதால் இந்தக் கேள்வியை என்னிடம் தள்ளிவிட்டார் ஆசிரியர். சரி, சொல்கிறேன் அம்மா.

1972-ல் வந்த பின்கோடு, உங்கள் கடிதத்தைப் பட்டுவாடா ஆபீஸ் வாசல் வரை கொண்டுவந்து விட்டுவிடும். கடைசி மூன்று இலக்கத்தின் வேலை அதுதான். அங்கிருந்து உங்கள் வீடு வரை பீட் கணக்கு. ஆபீஸின் எல்லை முழுவதையும் பல பீட்டாகப் பிரித்து, ஒரு பீட்டுக்கு ஒரு தபால்காரர் என்று போடுவார்கள். எத்தனை கிலோமீட்டர், சாதாரணத் தபால் எத்தனை, கையெழுத்து வாங்க வேண்டியது எத்தனை, மணியார்டர் எத்தனை என்று பார்த்துப் பிரிப்பார்கள். மாடிப்படியை மட்டும் யாரும் எண்ணியதாக நினைவில்லை. லிஃப்ட் இல்லாத நாலு மாடி வீடுகள் உள்ள பீட்டில் இருந்தவனுக்குத்தான் அந்த வருத்தம் தெரியும்.

பிரித்த பீட்டை ஆளுக்குக் கொடுப்பது போஸ்ட்மாஸ்டர். நான் இருந்த ஆபீஸில் சீனியர்களைக் கூப்பிட்டு முதலில் கேட்பார்கள். அவர்கள் கடைத்தெருவைத்தான் எடுப்பார்கள்; தபால் நிறைய இருந்தாலும் நடை குறைவு. புதிதாக வந்த எனக்குக் கிடைத்தது ஊருக்கு வெளியே ஒரு புது நகர். பழைய நம்பர், புது நம்பர், ப்ளாட் நம்பர் என்று ஒரே வீட்டுக்கு மூன்று எண். முதல் நாள் பையைக் காலி செய்ய இருட்டிவிட்டது. காலையில் கடிதங்களை நாம் நடக்கப்போகும் வரிசையிலேயே அடுக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். அந்த வரிசை கைக்குப் பழக எனக்கு இரண்டு மாதம் ஆயிற்று. உங்கள் புது ஆளும் இப்போது அந்தக் கட்டத்தில்தான் இருக்கிறார்.

அப்படியானால் ஏன் மாற்றுகிறார்கள்? அந்தக் காலத்தில் முதியோர் உதவித்தொகை மணியார்டராக வீடு தேடி வந்தது. கைநாட்டு வாங்கிக்கொண்டு பணத்தை எண்ணிக் கொடுப்போம். ஒரே ஆள் ஒரே பீட்டில் வேர்விட்டுவிட்டால் அங்கே தப்பு நடந்தாலும் வெளியே வராது. மாற்றும்போது எனக்கும் கோபம் வந்ததுண்டு, ஆனால் மாற்றுவது சரிதான். லீவு, ஓய்வு, ஆள் குறைவு என்று வேறு காரணங்களும் உண்டு. ஒருவர் வராவிட்டால் அவருடைய பீட்டைப் பக்கத்து பீட்காரர்கள் பங்கு போட்டுக்கொள்வார்கள். அன்று தபால் தாமதமாகத்தான் வரும்.

மனு கொடுக்காதீர்கள் என்பேன். "ஜனங்கள் இவ்வளவு கேட்கிறார்களே, என்ன விஷயம்?" என்ற சந்தேகம் அந்த நல்ல மனுஷர் மேலேயே திரும்பும். கடிதம் மாறி வருவதை மட்டும் போஸ்ட்மாஸ்டரிடம் எழுதிக் கொடுங்கள். கதவு எண்ணை வாசலில் பெரிதாக எழுதுங்கள். வீட்டில் யார் யார் பெயருக்குத் தபால் வரும் என்று ஒரு துண்டுச் சீட்டில் எழுதிப் புது ஆளிடம் கொடுங்கள். மாடியில் குடியிருப்பவர்கள் பெயரையும் சேர்த்தால் கும்பிடு போடுவார்.

பழையவர் அநேகமாக அதே ஆபீஸில் வேறு பீட்டில்தான் இருப்பார். பையைத் தூக்கிக்கொண்டு கிளம்புவதற்கு முன்னால், காலையில் போனால் பார்த்துவிடலாம்.