லாஃப்ட் அறைக்கு 55,000 பவுண்டு போதுமா?

வணக்கம். லண்டன் ஈஸ்ட் ஹாமில் இரண்டு பக்கமும் ஒட்டிய டெரஸ் வீடு, லாஃப்டில் (கூரைக்குக் கீழுள்ள பரணில்) படுக்கையறையும் குளியலறையும் போட பில்டர் 55,000 பவுண்டு கேட்கிறார், போதுமா என்று கேட்டிருந்தீர்கள். அதில் வாட் வரி சேர்ந்திருக்கிறதா? இல்லையென்றால் 20 சதவீதம், அதுவே 11,000.

பணத்துக்கு முன்னால் டேப்போடு மேலே ஏறுங்கள். இப்போதுள்ள ஜாய்ஸ்ட்டின் (லாஃப்டின் அடியிலுள்ள மர உத்திரம்) மேல்விளிம்பிலிருந்து கூரை முகடு வரை 2.2 மீட்டராவது இருக்க வேண்டும். புதுத் தரை, இன்சுலேஷன் போட்டபின் அதிலும் குறையும்.

பலர் கோட்டைவிடுவது படிக்கட்டில்தான். அதற்கான இடம் பெரும்பாலும் கீழே உள்ள சின்ன அறையிலிருந்துதான் போகும். மூன்று அறை நான்காகும் என்று நினைத்து மூன்றரையில் நிற்பவர்கள் உண்டு. வரைபடத்தில் முதலில் படியைப் பாருங்கள்.

டெரஸ் வீட்டில் கூரையில் கூடும் இடம் 40 கன மீட்டர் வரை என்றால் பொதுவாக பிளானிங் அனுமதி வேண்டாம். பாதுகாக்கப்பட்ட பகுதியென்றால் (கன்சர்வேஷன் ஏரியா) வேண்டும். பில்டிங் ரெகுலேஷன்ஸ் (கட்டட விதிகள்) ஒப்புதல் எப்படியும் கட்டாயம். அப்புறம் பக்கத்து வீட்டோடு பொதுவான சுவரில் ஸ்டீல் பீம் ஏற்ற, 1996 பார்ட்டி வால் சட்டப்படி இரண்டு மாதம் முன்பே பக்கத்து இரு வீட்டாருக்கும் நோட்டீஸ் கொடுக்க வேண்டும். அவர்கள் சம்மதிக்காவிட்டால் சர்வேயர் கட்டணம் பெரும்பாலும் உங்கள் தலையில். நேரில் போய்ப் பேசிவிட்டுக் கொடுங்கள்.

கீழ்த்தள அறைகளுக்குத் தீத்தடுப்புக் கதவுகள், ஒன்றோடொன்று இணைந்த புகை அலாரங்கள், தேவைப்பட்டால் புது பாய்லர், இவை கொட்டேஷனில் உள்ளனவா? எப்படியும் எதிர்பாராத செலவுக்கு 15 சதவீதம் தனியே வையுங்கள். கடைசித் தவணை, கம்ப்ளீஷன் சர்டிஃபிகேட் (வேலை முடிந்ததற்கான பில்டிங் ரெகுலேஷன்ஸ் சான்று) கைக்கு வந்த பிறகுதான்.