ஆய்வகக் குரங்கைக் காட்டில் விட்டால் என்ன?

கேள்வி: ஏற்காடு போகும் வழியெங்கும் குரங்குகள்தான். சோதனை முடிந்த ஆய்வகக் குரங்குகளையும் சேர்வராயன் மலையிலேயே விட்டுவிடலாமே? மீட்பு மையம் என்ற பெயரில் மறுபடியும் எதற்குக் கூண்டு?
- வாசகி, அஸ்தம்பட்டி, சேலம்

பதில்: உங்கள் இரக்கம் புரிகிறதுங்க, ஆனால் விட்டால் அது பிழைக்காது. மலைப்பாதையில் நீங்கள் பார்ப்பது நாட்டுக்குரங்கு, ஆய்வகங்களில் அதிகம் அடைபட்டது வடஇந்தியாவின் ரீசஸ் குரங்கு (1978-ல் ஏற்றுமதியைத் தடை செய்யும் வரை வெளிநாட்டு ஆய்வகங்களுக்கு லட்சக்கணக்கில் போயிருக்கின்றன). எதைத் தின்னலாம், நாய் வந்தால் எங்கே ஏறலாம் என்று தாயிடம் கற்காத குரங்கை எந்தக் கூட்டமும் எளிதில் சேர்க்காது. மனிதரிடமிருந்து தொற்றிய காசநோய் இருந்தால் காட்டுக் கூட்டத்துக்கும் ஆபத்து.

தனிக்கூண்டில் வளர்ந்த குரங்கு தன் முடியைத் தானே பிடுங்கும், கையைக் கடித்துக்கொள்ளும், ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வரும். கூண்டின் பின்சுவரை முன்னால் நகர்த்தி நசுக்கிப் பிடித்து ஊசி போட்டதால் ஆள் வரும் சத்தத்துக்கே நடுங்கும். இதற்கு மருந்தைவிட முக்கியம் இன்னொரு குரங்கு. மீட்பு மையத்தில் முதலில் நடுவில் கம்பிவலை வைத்து இரண்டையும் பக்கத்தில் விடுவார்கள், சண்டைக்குப் போகாமல் உதட்டைச் சப்பிக் காட்ட ஆரம்பித்தால் வலையை எடுப்பார்கள், அப்புறம் ஒன்றுக்கொன்று பேன் பார்க்கத் தொடங்கினால் பாதிக் கவலை தீர்ந்தது. தட்டில் வைக்காமல் வைக்கோலுக்குள் கடலையைத் தூவித் தேட விடுவார்கள், அந்தத் தேடல்தான் அதன் பிழைப்பே. ஆண் குரங்குகளுக்குக் குடும்பக்கட்டுப்பாடு செய்வார்கள், கூண்டுக்குள் இன்னொரு தலைமுறை பிறக்கக் கூடாது. சிலவற்றுக்கு அந்தச் சுற்றல் கடைசிவரை போகாது, ஆனாலும் மரமும் துணையும் உள்ள விசாலமான அடைப்பு அதற்குச் சிறை இல்லை. இப்படிப் பராமரிக்கும் செலவும் ஆய்வுச் செலவில் சேர்ந்ததுதான் என்று விலங்குச் சோதனைக்கான இந்திய நெறிமுறையே சொல்கிறது, அதை ஆய்வகங்களிடம் அழுத்திக் கேட்க வேண்டும்.

கேள்வி: அப்படிப்பட்ட மையத்துக்குப் போய் என் கையால் வாழைப்பழம் கொடுக்கலாமா?
- வாசகர், கொண்டலாம்பட்டி

பதில்: வேண்டாங்க. நம் சளியும் காசநோயும் அவற்றுக்குத் தொற்றும், ரீசஸ் போன்ற குரங்குகள் சுமக்கும் ஒருவகை ஹெர்பிஸ் கிருமி கடி வழியாக நம் உயிருக்கே உலை வைக்கலாம். என்ன தேவை என்று மையத்தில் கேட்டு, மூங்கிலோ கயிறோ சாக்கோ அலுவலகத்தில் கொடுத்துவிட்டு வாருங்கள், பணமும் நல்ல உதவிதான்.