சொந்தப் புரதத்தையே உடம்பு எதிரியாகப் பார்ப்பது ஏன்?

டைப் 1 சர்க்கரை நோயில் உடம்பு, கணையத்தில் இன்சுலின் சுரக்கும் தன் பீட்டா செல்களையே ஏன் தாக்குகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். குழந்தை இனிப்பு நிறையத் தின்றதால் வருவதில்லை இது, அதை முதலில் சொல்லிவிடுகிறேன். நோய் எதிர்ப்பு வேலை செய்யும் டி செல்கள் நெஞ்சிலுள்ள தைமஸ் சுரப்பியில்தான் பக்குவமடைகின்றன; சொந்தப் புரதங்களைத் தாக்கக்கூடியவற்றில் பெரும்பாலானவற்றை அது முன்கூட்டியே கழித்துவிடும். ஆனால் அங்கே காட்டப்படுவது பெரும்பாலும் மாறாத புரதம்தான். கணையத்தில் பீட்டா செல் நெருக்கடிக்குள்ளாகும்போது புரதத்திலுள்ள அர்ஜினின் என்ற அமினோ அமிலம் சிட்ருலின் என்ற வேறொன்றாக மாறலாம், அல்லது, எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இதுதான், இன்சுலினோடு சேர்ந்து உருவாகும் சி-பெப்டைடின் துண்டு நியூரோபெப்டைடு ஒய் போன்ற வேறொரு புரதத்தின் துண்டோடு ஒட்டிக்கொண்டு, எந்த மரபணுவிலும் அப்படியே எழுதப்படாத கலப்புத் துண்டு ஒன்று பிறந்துவிடும். தைமஸ் பார்த்தே இராத ஆள்! அதனால் அதைத் தாக்கும் டி செல்கள் கழிபடாமல் தப்பியிருக்கலாம். 2016-ல் வெளியான ஆய்வில், நோயாளிகளின் கணையத் திட்டுகளிலிருந்து (பீட்டா செல்கள் இருக்கும் செல் கூட்டங்கள்) எடுத்த டி செல்கள் இத்தகைய கலப்புத் துண்டுகளை அடையாளம் கண்டு கிளர்ந்தன. சரி, நோயைத் தொடங்கிவைப்பதே இதுதானா, இல்லை ஏற்கெனவே தொடங்கியதை வளர்க்கிறதா? அந்தக் கேள்வி இன்னும் தீரவில்லை.