மீன்பிடி கயாக், விரிகுடா, காற்று: கேள்வி பதில்

விரிகுடா, கழிமுகம், உப்பங்கழி. இந்த மூன்றிலும் மீன்பிடி கயாக்கை (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுங்கிய சிறு படகை) இறக்குவது, ஓட்டுவது, திரும்பி வருவது பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். இறக்குவது பற்றி நிறைய வந்தது, ஓட்டுவது பற்றிக் கொஞ்சம் வந்தது. திரும்பி வருவது பற்றி ஒருவரும் கேட்கவில்லை. அதனால் அதை மற்ற பதில்களுக்குள் நானே நுழைத்திருக்கிறேன்.

கேள்வி: முதல் கயாக் வாங்கப் போகிறேன். உள்ளே கால் நீட்டி உட்காரும் வகையா, மேலே உட்காரும் வகையா?

மேலே உட்காரும் வகை. கவிழ்ந்தால் உள்ளே உட்காரும் கயாக் நீரால் நிரம்பிவிடும். நடுவில் தனியாக மிதந்துகொண்டு அதைக் காலி செய்வது பழகியவருக்கே சிரமம். மேலே உட்காரும் கயாக்கில் ஏறிய நீர் வடிதுளைகள் வழியாகத் தானே இறங்கிவிடும். நீளம் மூன்றரை முதல் நான்கு மீட்டர் இருந்தால் விரிகுடாவுக்குப் போதும். அகலம் கூடக் கூட ஆட்டம் குறையும், வேகமும் குறையும். எடை பெரும்பாலும் 30 கிலோவைத் தாண்டும். வாங்குவதற்கு முன் ஒருமுறை தனியாகத் தூக்கிப் பாருங்கள்.

எந்த நிறுவனம், எந்த மாடல் என்று கேட்ட மற்ற அனைவருக்கும் இதுவே பதில்.

கேள்வி: எங்கள் கரையில் முழங்கால் உயர அலைதான். ஆனாலும் இறக்கும்போது கயாக் பக்கவாட்டில் திரும்பிக் கவிழ்ந்துவிடுகிறது. என்ன தவறு செய்கிறேன்?

உட்கார்ந்ததும் துடுப்பைப் போடாமல் காலை, இருக்கையை, தூண்டிலைச் சரிசெய்துகொண்டிருப்பீர்கள் என்று நினைக்கிறேன். நின்ற கயாக்குக்குத் திசை கிடையாது. அடுத்த அலை அதைத் திருப்பிவிடும்.

முதலில் கரையில் பத்து நிமிடம் சும்மா நின்று பாருங்கள். அலைகள் கூட்டமாக வரும், பிறகு சிறிது நேரம் அடங்கும். அந்த இடைவெளியின் நீளம் பிடிபட்ட பிறகு சாமான்களைப் பாருங்கள். ராடுகள் (தூண்டில் கோல்கள்) படுத்த நிலையில் கட்டப்பட்டிருக்க வேண்டும். நிமிர்த்திச் செருகிய ராடு கவிழும்போது முகத்தைக் கிழிக்கும். டிரெயின் பிளக் (உள்ளே சேரும் நீரை வடிக்கும் துளையின் மூடி) இறுகியிருக்கிறதா என்று கையை வைத்தே பாருங்கள், கண் ஏமாற்றும்.

கயாக்கின் மூக்கு அலைக்கு நேராக இருக்கட்டும். முழங்கால் ஆழத்தில் பக்கத்தில் நின்று, முதலில் பின்புறத்தை இருக்கையில் வையுங்கள். கால்கள் இரண்டும் வெளியே தொங்கினால் பரவாயில்லை, உடனே துடுப்பு. நாலைந்து முறை துடுப்பு வலித்துக் கயாக் நகர ஆரம்பித்த பிறகு கால்களை உள்ளே எடுங்கள். அலை வந்தால் பின்னால் சாயாதீர்கள். முன்னே குனிந்து, துடுப்பை அலையின் முகட்டுக்கு அந்தப் பக்கம் குத்தி இழுங்கள். அலையைப் பார்த்ததும் துடுப்பைத் தலைக்கு மேலே தூக்குவது எல்லாருக்கும் வரும் பழக்கம். தோள் கழன்றுபோவது அப்படித்தான்.

கரையேறுவது இதைவிட மோசம். உடையும் அலைகளுக்கு வெளியே காத்திருந்து, ஒரு அலை உங்களைத் தாண்டியதும் அதன் முதுகைத் துரத்திக்கொண்டு வாருங்கள். அலைக்கு முன்னால் ஓட முயன்றால் மூக்கு குத்திக்கொண்டு பின்பக்கம் சுழலும். அப்படிப் பக்கவாட்டில் மாட்டிவிட்டால் அலை வரும் பக்கமாகச் சாயுங்கள், துடுப்பையும் அந்தப் பக்கமே அழுத்துங்கள். கரைப்பக்கம் சாய்வதுதான் இயல்பாக வரும், கவிழ்ப்பதும் அதுதான். இறங்குவதாக இருந்தால் கடல் பக்கமாகவே இறங்குங்கள். கயாக்குக்கும் கரைக்கும் நடுவில் ஒருபோதும் நிற்காதீர்கள். நீர் நிறைந்த கயாக்கை அலை தூக்கி எறிந்தால் முழங்கால் ஆழத்திலேயே கால் முறியும்.

கேள்வி: அரை மணி நேரத்தில் தோள் கடுக்கிறது. துடுப்பு கனமாக இருப்பதாலா?

துடுப்பை ஒருமுறை உற்றுப் பாருங்கள். அலகு (நீருக்குள் போகும் தட்டையான பகுதி) இரண்டு பக்கமும் சமமாக இல்லாமல் ஒரு விளிம்பு நீளமாக இருந்தால் அந்த நீள விளிம்பு மேலே வர வேண்டும். குழிந்த முகம் உங்களைப் பார்த்திருக்க வேண்டும். பலர் தலைகீழாகவோ, முன்பின் மாற்றியோ பிடித்துக்கொண்டு துடுப்பைத் திட்டுகிறார்கள்.

அது சரியாக இருந்தால், கையால் இழுக்கிறீர்கள் என்று அர்த்தம். கால் விரல்களுக்குப் பக்கத்தில் அலகு முழுதும் நீருக்குள் போகட்டும். இடுப்பைத் தொட்டதும் வெளியே எடுத்துவிடுங்கள். இடையில் வேலை செய்ய வேண்டியது கை அல்ல, உடம்பின் சுழற்சி. நன்றாகத் துடுப்பு போட்ட நாளில் விலாவும் வயிறும்தான் வலிக்கும். மீன்பிடி கயாக் அகலமானது, இருக்கையும் உயரம். அதனால் 240 செ.மீ. அல்லது அதற்கு மேற்பட்ட துடுப்பு வேண்டும். குட்டையாக இருந்தால் ஒவ்வொரு இழுப்புக்கும் கயாக்கின் விளிம்பில் இடிக்கும்.

கேள்வி: காலையில் தண்ணீர் துளி அசைவில்லாமல் இருந்தது. அரை கிலோமீட்டர் போனதும் காற்று பிடித்துக்கொண்டது, திரும்பி வருவதற்குள் உயிர் போய்விட்டது. வானிலை அறிக்கையில் ஒன்றுமே சொல்லவில்லையே?

சொல்லியிருப்பார்கள். நீங்கள் வேகத்தை மட்டும் பார்த்திருப்பீர்கள், திசையைப் பார்க்கவில்லை.

நிலத்திலிருந்து கடலை நோக்கிக் காற்று வீசும்போது மரமும் கட்டடமும் மணல்மேடும் அதைத் தடுக்கும். கரையோரம் அமைதியாகத் தெரியும். அலை எழும்பவும் தூரம் வேண்டும் என்பதால் கரையருகே அலையும் இருக்காது. கரையை விட்டு விலக விலக இரண்டும் ஏறும். தண்ணீர் கரையிலிருந்து பார்க்கும்போது எவ்வளவு அழகாக இருக்கிறதோ அவ்வளவு ஆபத்து என்று எடுத்துக்கொள்ளுங்கள். கரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் தொடக்கநிலைக்காரர் இறங்கவே கூடாது. இதை இன்னும் பல முறை சொல்வேன்.

காற்றின் வேகம் இரட்டித்தால் அது தள்ளும் விசை நான்கு மடங்காகும். வெண்நுரை அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தெரியத் தொடங்குவது 7 முதல் 10 நாட் (ஒரு நாட் என்பது மணிக்குச் சுமார் 1.85 கி.மீ.) காற்றில். அடிக்கடி தெரிந்தால் 11 நாட் வேகத்தைத் தாண்டிவிட்டது, கரைக்குத் திரும்புங்கள். நல்ல வெயில் நாளில் முற்பகலுக்குப் பிறகு கடலிலிருந்து நிலத்துக்குக் காற்று திரும்பும், பிற்பகலில் வலுக்கும். அதை எதிர்பார்த்துக் கிளம்பினால் நீங்கள் திரும்பும்போது அது உங்களைக் கரைக்குத் தள்ளும். என் விதி ஒன்றுதான்: முதல் பாதி காற்றுக்கு எதிராக, களைத்த பாதி காற்றோடு.

கேள்வி: இதை ஒப்புக்கொள்ள முடியாது. விரிகுடாவில் ஓதம்தான் (கடல்நீர் ஏறி இறங்குவதுதான்) ராஜா. வற்றத்தோடு வெளியே போய் ஏற்றத்தோடு உள்ளே வந்தால் துடுப்பையே தொட வேண்டாம். காற்றைச் சொல்லி ஏன் பயமுறுத்துகிறீர்கள்?

ஓதத்தோடு போவது நல்ல பழக்கம்தான். ஆனால் வற்றம் போகும் இடம் திறந்த கடல். ஏற்றம் தொடங்குவதற்குள் காற்று மாறிவிட்டால் எங்கே நிற்பீர்கள்?

அதே நண்பர்: கணக்குப் பார்ப்போம். 10 நாட் காற்று கயாக்கை அரை நாட் தள்ளும், மிஞ்சினால் ஒரு நாட். கழிமுகத்தில் ஓதம் சாதாரணமாக 2 நாட், 3 நாட் ஓடும். எது பெரிது?

உங்கள் கணக்கு சும்மா மிதக்கும் கயாக்குக்கு. எதிர்க்காற்றில் துடுப்பு போடுபவர் அலையையும் ஏறிக் கடக்க வேண்டும். ஒவ்வொரு அலையிலும் மூக்கு அடிபட்டு வேகம் சாகும்.

ஆனால் கழிமுகத்தைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. சராசரி ஆள் மீன்பிடி கயாக்கில் 3 நாட் போவார், அதாவது மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர். எதிரே 3 நாட் ஓதம் வந்தால் வியர்க்க வியர்க்கத் துடுப்பு போட்டு அதே கம்பத்தைப் பார்த்துக்கொண்டிருக்கலாம். அப்போது நடுவில் போராடாமல் கரையோரத்துக்கு வாருங்கள், அங்கே ஓட்டம் தளர்ந்திருக்கும்.

பெரும்பாலான கரைகளில் ஓதம் ஏறி இறங்க சுமார் 12 மணி 25 நிமிடம், அதாவது ஒரு பக்கத்துக்கு ஆறு மணி நேரத்துக்குச் சற்று மேல். முதல் மணியில் பன்னிரண்டில் ஒரு பங்கு நீர் நகரும். பிறகு இரண்டு, மூன்று, மூன்று, இரண்டு, ஒன்று. நடு இரண்டு மணி நேரத்தில் பாதி நீர் போய்விடும். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி இது இன்னும் மூர்க்கமாக இருக்கும். இன்னொன்று: ஓத அட்டவணை சொல்வது நீர்மட்டத்தை. ஓட்டம் நிற்கும் நேரத்தை அல்ல. குறுகிய கழிமுகத்தில் மட்டம் இறங்கி முடிந்த பிறகும் நீர் வெளியே ஓடிக்கொண்டிருக்கலாம். ‘ஏற்றத்தோடு உள்ளே வருவேன்’ என்பவர் அந்த நேரத்தில் வெளியே காத்திருக்கிறார்.

வேறொருவர்: குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்கு நடந்தது இது. காற்று மிதமாகத்தான் இருந்தது, விரிகுடாவுக்குள் சின்ன அலை. கழிமுகத்தில் மட்டும் செங்குத்தாக, அடுக்கடுக்காக எழும்பியது. இது காற்றா, ஓதமா?

இரண்டும்தான். எங்கள் சண்டைக்குத் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள். வற்றம் வெளியே ஓட, காற்று கடலிலிருந்து உள்ளே வீசினால் அலைகளின் நீளம் சுருங்கும், உயரம் கூடும். அலைக்கும் அலைக்கும் நடுவில் கயாக் நுழைய இடம் இருக்காது. ஓதம் திரும்பியதும் அதே காற்றில் அதே இடம் அடங்கிவிடும்.

ஓதக்கார நண்பர்: அப்படியானால் முதலில் பார்க்க வேண்டியது ஓதம். ஒப்புக்கொள்கிறீர்களா?

கழிமுகத்தில் ஒப்புக்கொள்கிறேன். திறந்த விரிகுடாவில் மாட்டேன். ஓதம் அட்டவணைப்படி திரும்பும் என்று நம்பிக் காத்திருக்கலாம். காற்றுக்கு அப்படி ஒரு அட்டவணை இல்லை. மற்றவர்கள் காத்திருக்கிறார்கள், இதை இதோடு விடுவோம்.

கேள்வி: நன்றாக நீந்துவேன். லைஃப் ஜாக்கெட் கட்டாயமா?

கட்டாயம், உடம்பில். இருக்கைக்குப் பின்னால் சொருகி வைப்பது அல்ல. விழுந்த பிறகு தண்ணீரில் அதை மாட்டிப் பாருங்கள், புரியும்.

கேள்வி: வெயில் காலம்தானே, டி-ஷர்ட் போதுமா?

வெயிலுக்கு அல்ல, நீருக்கு உடுத்துங்கள். நீர் குளிர்ந்த கடல்களில் இதற்கு 1-10-1 என்று ஒரு கணக்கு உண்டு. விழுந்த முதல் ஒரு நிமிடம் மூச்சு கட்டுக்குள் இருக்காது. அதன்பின் பத்து நிமிடம்தான் கைவிரல்கள் சொன்னபடி கேட்கும். உடல் வெப்பம் குறைந்து நினைவு தப்ப ஒரு மணி நேரம். கயாக்கில் திரும்ப ஏறுவதை அந்தப் பத்து நிமிடத்துக்குள் செய்தாக வேண்டும்.

கேள்வி: கவிழ்ந்தால் திரும்ப ஏறுவது எப்படி?

குப்புறக் கிடக்கும் கயாக்கின் அடிப்பக்கத்தில் ஏறி, எதிர்ப்பக்கக் கைப்பிடியைப் பற்றிப் பின்னால் சாய்ந்து புரட்டுங்கள். பிறகு நடுப்பகுதிக்கு வந்து, உடம்பை நீரில் படுக்கவைத்துக் காலை உதைத்து மேலே வழுக்குங்கள். செங்குத்தாகத் தொங்கினால் ஏற முடியாது. வயிறு இருக்கைக்கு வந்ததும் மல்லாந்து பின்புறத்தை உட்கார வையுங்கள். கால்கள் கடைசியில். எல்லாச் சாமானையும் இறக்கிவிட்டு நெஞ்சளவு நீரில் நண்பருடன் பழகுங்கள். இதைப் பழகாதவர் கரையோரத்தை விட்டு விலக வேண்டாம்.

கேள்வி: நங்கூரம் போட்டதும் கயாக் ஒரு பக்கமாகச் சாய்ந்து நீர் ஏறுகிறது.

பக்கவாட்டில் கட்டியிருக்கிறீர்கள். மூக்கிலோ வாலிலோ மட்டுமே கட்ட வேண்டும். கைக்கு எட்ட வேண்டும் என்றால் பக்கவாட்டில் ஓடும் கப்பிக் கயிற்றில் மாட்டி முனைக்குத் தள்ளிவிடுங்கள். ஒன்றரை கிலோ மடக்கு நங்கூரம் பெரும்பாலும் போதும். கயிறு ஆழத்தைப் போல மூன்று மடங்காவது வேண்டும், காற்றிருந்தால் இன்னும் அதிகம். கயிற்றின் முனையில் ஒரு மிதவையும் சட்டென்று கழற்றும் கொக்கியும் இருக்கட்டும். சிக்கினால் கழற்றிவிட்டு நகர்ந்து, பிறகு வந்து எடுக்கலாம். கத்தி லைஃப் ஜாக்கெட்டில் இருக்க வேண்டும், பெட்டிக்குள் அல்ல. வலுவான ஓதத்தில் நங்கூரமே வேண்டாம்.

கேள்வி: அடியில் தண்ணீர் சேர்கிறது. விரிசல் எதுவும் தெரியவில்லை.

கயாக்கைத் தள்ளுவண்டியில் கொண்டுபோகிறீர்களா? வடிதுளைக்குள் கம்பி நுழைந்து தாங்கும் வகை வண்டி என்றால் அந்தத் துளைகளின் உள்விளிம்பை நகத்தால் தடவிப் பாருங்கள். மயிரிழை விரிசல் அங்கேதான் இருக்கும். பட்டை போட்டு அடியில் தாங்கும் வண்டிக்கு மாறுங்கள். உள்ளே சேர்ந்த நீர் சாயும் பக்கமெல்லாம் ஓடி இன்னும் சாய்க்கும் என்பதால் சரிசெய்யும்வரை இறக்காதீர்கள்.

கேள்வி: மிதி கயாக் வந்த பிறகும் துடுப்பு எதற்கு?

மிதிப்பது கையைத் தூண்டிலுக்கு விடுவிக்கிறது, மறுக்கவில்லை. கடற்புல்லிலும் கணுக்கால் ஆழத்திலும் அது சிக்கும். துடுப்பு கூடவே இருக்கட்டும்.

கேள்வி: கரையில் காற்றே இல்லை, தைரியமாக இறங்கலாமா?

காற்று எந்தப் பக்கத்திலிருந்து? மேலே நீளமாக எழுதியிருக்கிறேன்.

கேள்வி: கொஞ்ச தூரம்தான் போவேன், லைஃப் ஜாக்கெட்...

மேலே.

கேள்வி: எந்த மீனுக்கு எந்த இரை?

உங்கள் கரையில் தினமும் மீன் பிடிப்பவரிடம் கேளுங்கள். அவருக்குத் தெரிந்தது எனக்குத் தெரியாது.

கேள்வி: இறக்கும்போது திருக்கை குத்துமா?

மிதித்தால் குத்தும். மணலில் காலைத் தூக்கி வைக்காமல் தேய்த்துத் தேய்த்து நடங்கள், அதுவே நகர்ந்துவிடும். குத்திவிட்டால் சூடு தாங்கும் அளவு வெந்நீரில் காலை அமிழ்த்திக்கொண்டு மருத்துவரிடம் போங்கள். முள் ஆழமாக ஏறியிருந்தால் நீங்களே பிடுங்க வேண்டாம்.

கேள்வி: தூரத்தில் இடி. மீன் நன்றாகக் கடிக்கிறது.

கரைக்கு. கார்பன் ராடு மின்சாரத்தைக் கடத்தும், தட்டையான நீரில் உயரமான பொருள் நீங்கள்தான். கடைசி இடிக்குப் பிறகு முப்பது நிமிடம் கழித்து மறுபடி யோசியுங்கள்.

கேள்வி: தனியாகப் போகிறேன். போன் போதுமா?

போன் நீர்ப்புகாப் பையில், உடம்போடு. ஈரக் கையில் தொடுதிரை சரியாக வேலை செய்யாமல் போகலாம் என்பதால் விசிலும் வேண்டும். கையடக்க வி.எச்.எஃப். (கடலில் பேச உதவும் ரேடியோ) இருந்தால் உதவி கேட்க 16ஆம் அலைவரிசை. உரிமம் வேண்டுமா என்று உங்கள் நாட்டு விதியைப் பாருங்கள். இவற்றையெல்லாம்விட, எங்கே இறங்குகிறீர்கள், எத்தனை மணிக்குக் கரையேறுவீர்கள், அந்த நேரத்துக்குப் பின் எவ்வளவு நேரம் பார்த்துவிட்டு யாரை அழைக்க வேண்டும் என்று எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுங்கள். கயாக்கின் நிறத்தையும் எழுதுங்கள், தேடுபவர்களுக்கு அது உதவும்.