டிசி-3 ஓடுபாதையில் இடப்பக்கம் இழுத்தால்

வணக்கம் நண்பரே. சிமுலேட்டரில் உங்கள் டிசி-3 (வாலில் சிறு சக்கரம் கொண்ட பழைய இரட்டை எஞ்சின் விமானம்), ஓடுபாதையில் வால் எழும்பும் நேரத்தில் இடப்பக்கம் பாய்ந்து சுற்றிவிடுகிறது என்கிறீர்கள். இரண்டு புரொப்பெல்லரும் பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகவே சுற்றுகின்றன; அதனால் விமானம் இடப்பக்கம் இழுக்கும். வாலைத் தூக்கும்போது கைரோ விசையும் (சுழலும் புரொப்பெல்லரைச் சாய்த்தால் எழும் பக்கவிசை) இடப்பக்கமே தள்ளும். எடைமையம் முன்சக்கரங்களுக்குப் பின்னால் இருப்பதால், தொடங்கிய திரும்பல் தானாகப் பெருகும்.

சில மீட்டர் நேராக உருட்டி, வால் சக்கரம் நேரானபின் பூட்டுங்கள். பலர் மறப்பது இதைத்தான். த்ராட்டிலை (எஞ்சின் விசையை ஏற்றும் நெம்புகோல்) மேனிஃபோல்ட் அழுத்தமானியில் 30 அங்குலம் வரை நிதானமாக, இடது எஞ்சினைச் சற்றே முந்தவிட்டு ஏற்றுங்கள். ரடர் (பெடலால் இயங்கும் வால் சுக்கான்) பிடிக்க ஆரம்பித்ததும் இரண்டையும் சமமாக்கி 48 அங்குலம், 2700 ஆர்பிஎம் (நிமிடச் சுழற்சி). யோக்கை (கைப்பிடிச் சக்கரத்தை) முன்னே தள்ளி அவசரமாக வாலைத் தூக்க வேண்டாம். மூக்கு இடப்பக்கம் விலகினால் உடனே வலது பெடல். அதுவும் போதாவிட்டால் இரண்டு த்ராட்டிலையும் மூடிவிடுங்கள். வால் மேலே இருக்கையில் பிரேக்கை ஓங்கி மிதித்தால் மூக்குக் குத்திவிடும்.